எர்த்து அண்ணன் ஊற்றிய தண்ணீர்

உலகத்தில் நடக்கிற எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம்தான் என்று நம்புகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் சனி என்பார், ஒருவர் அரசாங்கம் என்பார், இன்னொருவர் மருமகள் என்பார். ஆனால் தான் நம்பிய காரணத்துக்குத் தினமும் காலையில் ஒரு குடம் சிறுவாணிக் குடிதண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு வளர்த்த ஒரே மனிதர் எங்கள் எர்த்து அண்ணன்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ரெண்டு ரூம், நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு முதலாளி, டைப் அடிக்க ஸ்டெல்லா, புரோகிராம் எழுத நான். இதெல்லாம் போதாதென்று எர்த்து அண்ணன். முதலாளியின் அப்பா மில் நடத்திய காலத்தில் அங்கே எலக்ட்ரீசியனாக இருந்தவர். மில்லை மூடியபோது மெஷின்களையெல்லாம் விற்றுவிட்டார்கள். இவரை வாங்க யாரும் வரவில்லை. அதனால் மகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தபோது இவரும் கூடவே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? மேஜைமேல் 'டெக்னிக்கல் இன்சார்ஜ்' என்று ஒரு பலகை வைத்துக்கொண்டார். அந்தப் பதவியைக் கொடுத்ததும் அவர்தான், பலகை எழுதக் கொடுத்ததும் அவர்தான்.

அவருடைய அப்பா அம்மா ஏதாவது நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். அது என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் அவர் வீட்டம்மா போன் செய்து, "ஏனுங், எர்த்து இருக்காருங்களா? வாரப்ப ரேசன் கடையில சீமெண்ணெய் வந்திருக்குதான்னு பாத்துட்டு வரச் சொல்லுங்" என்றார். அதற்கு மேல் நானும் விசாரிக்கவில்லை.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு குழி உண்டு. உள்ளே ஒரு இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடியிருப்பார்கள். மெஷினில் கரண்ட் கசிந்தால் ஒயர் வழியாக வந்து அந்தக் குழிக்குள் இறங்கிவிடும். அதற்குத்தான் எர்த்து என்று பெயர். குழி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவரைக்கும் சரிதான், எந்த எலக்ட்ரீசியனைக் கேட்டாலும் சொல்வான். ஆனால் எர்த்து அண்ணன் இதோடு நிறுத்தினால்தானே!

போன் லைன் கிடைக்காவிட்டால் எர்த்து. பால் திரிந்தால் எர்த்து. ஸ்டெல்லாவுக்குத் தும்மல் வந்தால், "அம்மணி, அந்தச் சேர்ல உக்காராதீங்க, அங்க எர்த்து கம்மி" என்பார். கீழே கிளினிக்கில் கம்பவுண்டரின் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று ஒருநாள் பேச்சு வந்தது. இவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "ஊடு கட்டறப்ப எர்த்து போட்டாங்களான்னு கேளுங்க" என்றார். அந்தக் கம்பவுண்டர் அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படி ஏறவே இல்லை.

குழிக்கு ஊற்றும் தண்ணீரிலும் ஆசாரம். போர்வெல் தண்ணீர் ஆகாதாம். "அது உப்புத்தண்ணிங்க. எர்த்துக்குச் சிறுவாணிதான் ஊத்தோணும்" என்பார். சொல்லி முடித்த கையோடு சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்து அதே குழியில் போடுவார். இதை எந்தக் காலேஜில் படித்தார் என்று கேட்டால் முறைப்பார். அவர் போட்ட உப்பில் வீட்டுக்காரரின் செம்பருத்திச் செடி பட்டுப்போயிற்று. வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். "செடி போனா என்னங்க, உங்க பில்டிங் நிக்குதல்லங்" என்று அவரையே சமாதானப்படுத்தி அனுப்பினார்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது அவருடைய கால். ஆபீசுக்குள் செருப்புப் போடமாட்டார். உடம்புக்கும் எர்த்து வேண்டுமாம். குழிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அந்தச் சேற்றுக்காலோடு மாடியேறி வந்து, என் பக்கத்துச் சேரில் உட்கார்ந்து, காலைத் தூக்கி எதிரில் நீட்டிக்கொள்வார். என் பேன்ட்டில் சேறு படாத நாள் இல்லை. அவர் உட்கார வந்தாலே நான் சேரைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்காருவார், என் பக்கமாக.

எனக்கு ஒருமுறை மஞ்சள்காமாலை வந்து துடியலூரில் ரூமிலேயே படுத்துக் கிடந்தேன். அம்மா அப்பா ஊரில் இருந்தார்கள். விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். கையில் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு எர்த்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, எந்திரிங்க. நீங்க ராப்பகலா சூ போட்டுட்டே திரியறீங்க. ஒடம்புல இருக்கறது எறங்க வழி இல்ல. வாங்க, புல்லு மேல நடக்கலாம்." எழுந்து நிற்கவே தெம்பில்லாத என்னைப் பக்கத்துக் காலியிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பனிப் புல்லில் வெறுங்காலோடு நடக்கவைத்தார். தினமும் வந்தார். மஞ்சள்காமாலையோடு சளியும் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட மனிதரை எப்படி மெச்சுவது, நீங்களே சொல்லுங்கள்.

எப்போதடா இந்த மனிதர் தொலைவார் என்று நான் காத்திருந்தேன். முதலாளியிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். "சார், அவரை ஊட்டுக்கு அனுப்பிருங்க. கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வர்றவங்க சேத்துக்காலைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க." முதலாளி தலையைச் சொறிவார். "அப்பா காலத்து ஆளுங்க. நான் எப்படிங்க சொல்றது?"

இப்படி இருக்கும்போதுதான் எங்களுக்கு ஒரு ஆர்டர் வரும்போல் இருந்தது.

மதுக்கரைப் பக்கம் ஒரு மில். அங்கே கேன்டீனில் சாப்பாட்டுக்குக் காகித டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் கிழிந்தது, தொலைந்தது, ஒருவன் டோக்கனில் இன்னொருவன் தின்றான் என்று தினமும் அங்கே பஞ்சாயத்து. அதற்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு போடலாம் என்று முடிவு செய்தார்கள். பஸ் பாஸ் அளவில் பிளாஸ்டிக் அட்டை, அதில் பொட்டுப் போலத் தங்க நிறத்தில் ஒரு சில்லு. அட்டையைச் செருகினால் திரையில் ஆள் பெயர் வரும், தட்டில் சோறு விழும். ஒவ்வொரு அட்டையின் சில்லுக்குள்ளும் தொழிலாளியின் பெயரை எழுதுவதற்கு பம்பாயிலிருந்து ஒரு கருவி வரவேண்டும். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஆபீசில் அதற்கு 'எழுதுற பொட்டி' என்று பெயர் வைத்தோம். எழுதுவதும் அதுதான், செருகிய அட்டையைப் படிப்பதும் அதுதான்.

மில்லின் புதுக் கேன்டீன் திறப்பு விஜயதசமி அன்று. மத்தியானச் சங்கு ஊதியதும் முதல் அட்டையைச் செருக வேண்டும். மில் மேனேஜர் கறாரான ஆள். "நல்ல நாள்ல ஆரம்பிக்கறமுங்க. மொத நாளே தகராறு பண்ணுச்சுன்னா, பொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருங்க. நாங்க டோக்கனே வெச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டார். ஓடினால் ஆர்டர், கம்பெனி பிழைக்கும். ஓடாவிட்டால் எங்கள் மாடிக்கும் ஒரு டாக்டர் குடிவந்துவிடுவார்.

பெட்டி தாமதமாக வந்து சேர்ந்தது. ஆயுத பூஜை அன்று காலையில்தான் அதைப் பிரித்தேன். ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். ஆஹா, முதல் தட்டிலேயே கனெக்ட் ஆனது! அட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எழுத ஆரம்பித்தேன். பாதி முடிந்திருக்கும். வாழை இலையும் சந்தனக் கிண்ணமுமாக எர்த்து அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, எந்திரிங்க. பொட்டியைக் குடுங்க, பூசைக்கு வெக்கோணும்."

"அண்ணா, இன்னும் பாதி அட்டை கெடக்குதுங்க. இதை மட்டும் விட்டுருங்க."

"ஏனுங் தம்பி, ஊர்ல இருக்கற ஸ்பேனரு, திருப்புளி, சைக்கிளு அத்தனைக்கும் பூசை உண்டு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்பச் சித்தெ நேரம் வெச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

"அதெப்பிடி? பூசைக்கு வெச்ச சாமானை மறுபூசை பண்ணாமத் தொடலாமா? நாளைக்குக் காலையிலதான்."

நான் முதலாளியிடம் ஓடினேன். அவருக்கும் என் கட்சிதான் சரி என்று பட்டது. "அண்ணா, தம்பி வேலை செய்யட்டுமுங்க" என்று மெதுவாக ஆரம்பித்தார். எர்த்து அண்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாருங்களா?" அவ்வளவுதான். முதலாளி வாயை மூடிக்கொண்டு பொரிப் பையைப் பிரிக்கப் போய்விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

எல்லா ஒயரையும் கழற்றினார். எல்லாவற்றையும் துடைத்தார். கம்ப்யூட்டர், பிரிண்டர், காலிங் பெல், என்னுடைய கால்குலேட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். எழுதுகிற பெட்டியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில், "அம்மணி, ஒரு தீக்குச்சி குடுங்க" என்று ஸ்டெல்லாவைக் கேட்டது காதில் விழுந்தது. நான் கோபத்தில் பொரி தின்றுகொண்டிருந்தேன். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்தது. "என்ற கையால மாட்டறேன்" என்று அவரே கம்ப்யூட்டருக்குப் பின்னால் புகுந்து ஒயரைச் செருகினார். அதன் இரண்டு பக்கமும் இருந்த சின்ன ஸ்க்ரூக்களைத் திருப்புளியால் லாரிச் சக்கரத்து நட்டை முறுக்குகிற மாதிரி முறுக்கினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு தட்டினேன்.

கனெக்ஷன் இல்லை என்றது திரை.

மறுபடி தட்டினேன். இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இல்லை. ஒருவேளை மவுஸும் இதுவும் சண்டை போட்டுக்கொள்கின்றனவோ என்று மவுஸைப் பிடுங்கிப் போட்டேன். பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்த எல்லா நம்பரையும் மாற்றிப் பார்த்தேன். புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. பச்சை விளக்கோ, எனக்கென்ன என்று எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறது, ஒயர் அசையாமல் இறுகியிருக்கிறது, அப்புறம் கோளாறு புரோகிராமில்தானே இருக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பின்னால் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

"தம்பி, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லாதீங்க அண்ணா."

"எர்த்துங்க."

குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "இப்பப் பாருங் தம்பி!" பார்த்தேன். இல்லை. இன்னொரு குடம் ஊற்றினார். "இப்ப?" இல்லை. சுண்டலுக்கு வைத்திருந்த உப்பையும் அள்ளிக்கொண்டு போனார். "இப்பப் பாருங்!" இல்லை என்று கத்தினேன். ஸ்டெல்லா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, "சார், இன்னொரு கொடம் ஊத்துனா டாக்டர் கிளினிக்கு மெதக்க ஆரம்பிச்சுரும்" என்றாள்.

மில் மேனேஜர் போன் செய்தார். "எல்லாம் ரெடிங்களா?" முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. "ரெடிங், ரெடிங், கெளம்பிட்டே இருக்கறமுங்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

எர்த்து அண்ணன் சேற்றுக்காலோடு மேலே வந்தார். வந்து என் பக்கத்துச் சேரில் உட்கார்ந்து காலை நீட்டினார். என் பேன்ட்டில் பட்டது. எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ!

"நேத்துக் காலையில இந்த எழவு ஓடுச்சு! என்ற கண்ணால பாத்தேன்! அதுக்கப்புறம் யாரு என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்னங்க பண்ணுனேன்? எல்லாத்தையும் விட அதுக்குத்தான் நல்லாப் பண்ணுனேன். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வெச்சேன், பிரிண்டருக்கு ஒரு பொட்டு வெச்சேன். அந்தப் பொட்டி ஒயரோட மூஞ்சியத் திருப்பிப் பாத்தேன். ஒம்பது ஓட்டை இருந்துச்சு. ஒம்பதுன்னாச் சும்மாவா தம்பி? நவகெரகம்! ஒண்ணு உடாம, தீக்குச்சியில தொட்டுத் தொட்டு, நல்லா உள்ளாரப் போறாப்பல சந்தனம் வெச்சேன். நடு ஓட்டைக்கு மட்டும் குங்குமமும் வெச்சேன். சூரியனுக்கு."

ஸ்டெல்லா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மேஜையில் கவிழ்ந்துவிட்டாள்.

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பாய்ந்தேன். அவர் முறுக்கிய முறுக்கைக் கழற்றுவதற்குள் திருப்புளி என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பது கிரகமும் அடைபட்டிருந்தது. சந்தனம் காய்ந்து இறுகி, மதுக்கரைச் சிமெண்ட் தோற்றுப்போகும்போல் இருந்தது. அந்தச் சில்லுக்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை நடக்க வேண்டிய வழி முழுக்க மணக்க மணக்கப் பூசி மெழுகிவிட்டார் மனிதர்.

ஸ்டெல்லா சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "எங்க சர்ச்சுலயும் வண்டியெல்லாம் மந்திரிப்பாங்க சார். ஆனா பாதர் தீர்த்தத்த மேலதான் தெளிப்பாரு. பெட்ரோல் டேங்கைத் தொறந்து உள்ள ஊத்த மாட்டாரு" என்றாள். கீழே கிளினிக்குக்குப் போய்ப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வாங்கி வந்ததும் அவள்தான். ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்தேன். குடையக் குடைய மஞ்சளாகத் தூள் கொட்டியது. செருகித் தட்டினேன். சட்டென்று கனெக்ட் ஆனது.

மீதி அட்டைகளை மூச்சு விடாமல் எழுதினேன். எழுதும்போதே வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். படிக்காத மனுசனை டெக்னிக்கல் இன்சார்ஜ் ஆக்கினால் இப்படித்தான் என்றேன், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்றேன். கடைசியில் முதலாளியே எழுந்து வந்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"போதுமுங்கண்ணா. இந்த மாசத்தோட நீங்க ஊட்டுல இருந்துக்குங்க."

எர்த்து அண்ணன் தன் மேஜைக்குப் போய், அந்தப் பலகையை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார்.

எத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வரம்! எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நேற்றுத் தின்ற பொரி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மில்லுக்குக் கிளம்பினோம். எர்த்து அண்ணனை வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேனில் ஏறி, மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துகொண்டார். டவுன்ஹால் தாண்டி, உக்கடம் தாண்டி, பாலக்காட்டு ரோடு முழுக்கப் பிடித்த பிடியை விடவில்லை. மில்லில் இறங்கியதும் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்டீன் சுவரை ஒட்டி ஒரு எர்த்துக் குழி இருந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் மேனேஜரின் சட்டையைப் பிடித்திருப்பார். அன்றைக்கு அதைத் தாண்டி, குனிந்த தலை நிமிராமல் நடந்து போனார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

கேன்டீனில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தொழிலாளர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கதவைத் தாண்டி வெளியே மரத்தடி வரைக்கும் வரிசை. சோறும் சாம்பாரும் ஆவி பறக்க வந்து இறங்கின. நான் எல்லாவற்றையும் மாட்டிச் சரிபார்த்தேன். கனெக்ட் ஆகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. சங்கு ஊதவேண்டியதுதான் பாக்கி.

அப்போது முதலாளி, "எல்லாம் சரியாத்தான இருக்குது?" என்று நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். பதற்றத்தில் திரும்பினார். நான் அவசரத்தில் ஸ்க்ரூ முறுக்காமல் விட்டிருந்த ஒயர் அவர் காலில் மாட்டியது. உதறிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போய்விட்டார். ஒயர் பாதி பிடுங்கிக்கொண்டு தொங்கியது. நான் அதைப் பார்த்த அதே நேரம் மில் சங்கு ஊதியது.

திரையில் கனெக்ஷன் இல்லை.

மேனேஜரும் திரையைப் பார்த்துவிட்டார். "என்னாச்சுங்? மொதல்லயேவா?" என்றார். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் ஓரமாக நின்ற எர்த்து அண்ணன் கண்ணில் பட்டார்.

"இன்னும் எந்த ஓட்டையில என்னத்த வெச்சுத் தொலைச்சீங்க?" என்று அத்தனை பேருக்கு முன்னால் கத்தினார்.

எர்த்து அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இங்க வந்து நான் அந்த ஒயரைத் தொடவே இல்லீங்" என்றார்.

உண்மைதான். மில்லுக்கு வந்ததிலிருந்து அவர் ஒயர் பக்கமே போகவில்லை. குனிந்து ஒயரை உள்ளே தள்ளினால் எனக்கு வேலை முடிந்தது. ஆனால் அடுத்த மாதம் என் பக்கத்துச் சேர் காலியாக இருக்கும். எனக்கு அது வேண்டாம் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது.

"சார், கோளாறு ஒண்ணுமில்லீங்க. எர்த்து சரியில்லை" என்றேன்.

முதலாளி வாயைப் பிளந்தார். எர்த்து அண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"கேலி பண்றீங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா. நெசமாத்தான் சொல்றேன். வெளிய குழி காஞ்சு கெடக்குது. ஓடுங்க."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! வந்த பெரிய மனிதர்கள் குடிப்பதற்காகப் பூ சுற்றி வைத்திருந்த எவர்சில்வர் குடத்தை அப்படியே தூக்கினார். "சிறுவாணிங்களா?" என்று பரிமாறுகிறவரைக் கேட்டார். ஆமாம் என்றதும் எடுத்தார் பாருங்கள் ஓட்டம்.

நான் குனிந்து ஒயரைச் செருகினேன். முடிந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், வேலை செய்யும்.

தட்டவில்லை. ஜன்னல் வழியாகக் குழி தெரிந்தது. மனிதருக்கு அவசரமே இல்லை. முதலில் குழியைச் சுற்றி வந்தார். மேலே கிடந்த சருகைப் பொறுக்கினார். கையால் மண்ணைக் கிளறினார். சட்டைப் பையைத் துழாவி உப்பை எடுத்துப் போட்டார். அதற்கப்புறம் குடத்தைச் சாய்த்து, நூல் பிடித்தமாதிரி மெல்ல மெல்ல ஊற்றினார். உள்ளே தொழிலாளர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். சாம்பாரில் ஆடை கட்டியது. நான் கீபோர்டுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, ஊற்றித் தொலையும் ஐயா, சீக்கிரம் ஊற்றித் தொலையும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சொட்டும் விழுந்தது. திரும்பினார்.

"இப்பப் பாருங் தம்பி!"

தட்டினேன். முதல் தொழிலாளியின் பெயர் திரையில் பளிச்சென்று வந்தது. தட்டில் சோறு விழுந்தது. கேன்டீனே கை தட்டியது.

மேனேஜர் அசந்துவிட்டார். "பழைய ஆளுன்னாப் பழைய ஆளுதானுங்க. ஆர்டரைத் தரோம். ஆனா மாசாமாசம் வந்து பாக்கறதுக்கு இவரைத்தான் அனுப்போணும்" என்றார். முதலாளி கொஞ்சமும் வெட்கப்படாமல், "இவரில்லாம நாங்க ஏதுங்க!" என்றார்.

இந்தக் கதையை எர்த்து அண்ணன் பிறகு ஊரெல்லாம் சொன்னார். அவர் சொல்லும் கதையில் நவகிரகம் வராது, ஊக்கு வராது, ஸ்பிரிட் வராது. படித்த பையன் ஒருவன் கண்ணில் தண்ணீரோடு அவர் கையைப் பிடித்து, காப்பாத்துங்கண்ணா என்று கெஞ்சுவான். என் எதிரிலேயே சொல்லுவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன். அந்தக் கம்பெனியை விட்டு வருகிற வரைக்கும் அவரை நான் தாங்கினேன். யாரைச் சொல்லி அழ? நானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்ட மண்.

அன்றைக்குத் திரும்பும்போது வேனில் இடமிருந்தது. ஆனாலும் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தார். குழிச்சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது.

"ஏனுங் தம்பி, நான் காலையில இருந்தே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணா. எர்த்துதான்."

திருப்தியாகச் சிரித்தார். மதுக்கரை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். தூக்கத்தில் கால் சரிந்து, சேறெல்லாம் என் பேன்ட்டில் ஒட்டிக்கொண்டே வந்தது. ஆர்.எஸ்.புரம் வந்து சேரும் வரை நான் தள்ளி உட்காரவில்லை.